திருவள்ளூர்–கும்மிடிப்பூண்டி நிலத்தோற்ற வரைபடங்கள்

தமிழ்நாட்டின் வடகிழக்கு மூலையை உயரங்களோடு காட்டும் வரைபடங்களைப் பற்றியது இக்கட்டுரை. மேற்கே நாகலாபுரம், சத்தியவேடு, அல்லிக்குழி மலைகள். கிழக்கே பழவேற்காடு ஏரியும் வங்கக்கடலும். நடுவில் திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி. மலை இடுக்கில் விழும் அருவியிலிருந்து கடற்கரை மணல் வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அதற்குள் காப்புக்காடுகள், பறவைகள் சரணாலயம், கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் சிப்காட் வளாகங்கள், எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி, சென்னையின் குடிநீர் ஏரிகள், புறநகர் ரயில், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. இந்தியாவில் அறிவியல் முறைப்படி மிக முன்பாகவே அளக்கப்பட்ட நிலங்களில் இதுவும் ஒன்று. ஆனால் இந்திய நில அளவைத் துறையின் விரிவான தாள் எதிலும் இது முழுதாக விழுந்ததில்லை. மலை ஒரு தாளில் இருக்கும், அந்த மலையின் தண்ணீர் போய்ச் சேரும் ஊர் இன்னொரு தாளில் இருக்கும்.

நிலம்

நாகலாபுரம் மலைகளும் அவற்றுக்கு மேற்கே உள்ள நகரி மலைகளும் கடப்பைப் படுகையைச் சேர்ந்த மிகப் பழைய பாறைகளால் ஆனவை. மேலே இருப்பது பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் கெட்டிப்பட்ட மணற்பாறை. இது எளிதில் கரையாது. வெடிப்பு விழுந்த இடத்தில் கட்டம் கட்டமாக உடையும். ஓடை அந்த வெடிப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவதால் செங்குத்துச் சுவர்களும் நடுவில் ஆழமான மடுக்களும் உண்டாகின்றன. தெலுங்கில் இத்தகைய இடுக்குக்குக் கோனா என்று பெயர். நாராயணவனம் அருகே உள்ள கைலாசகோனா அப்படி வந்த பெயர். சென்னைக்காரர்கள் தடா அருவி என்று சொல்லும் இடத்தின் சொந்தப் பெயர் உப்பலமடுகு. நம் மடுதான் அங்கே மடுகு. வரைபடம் இல்லாத காலத்தில் இந்தப் பெயர்களே வரைபடமாக இருந்தன. மேடு, தாங்கல், குப்பம், கண்டிகை, பாக்கம் என்று கீழ்நிலத்து ஊர்ப்பெயர்களும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் அதில் குடியேறிய விதத்தையும் சொல்பவைதான். நகரி மலையின் கூர்முனையை நகரி மூக்கு என்பார்கள். சென்னைக் கடலில் வரும் கப்பல்களுக்கு அது நிலக்குறியாக இருந்தது.

இந்த மலைகளுக்குக் கிழக்கே சத்தியவேட்டிலும் பூண்டிக்கு வடமேற்கே அல்லிக்குழியிலும் வேறு வகை மேடுகள் உள்ளன. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கற்களும் உருண்டைப் பாறைகளும் ஒட்டி இறுகிய திரள்பாறை இது. கூடியம் குகைகள் இந்தத் திரள்பாறையில் இயற்கையாக உண்டானவை. குகை என்று சொன்னாலும் அவை ஆழமான சுரங்கங்கள் அல்ல. கூரை மட்டும் நீண்டு தொங்கும் பாறை ஒதுங்கிடங்கள். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது.

இப்பகுதியின் கற்களை முதலில் ஒழுங்காக வரைபடத்தில் ஏற்றியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். பாலாற்றுக்கு வடக்கே உள்ள சென்னை, வட ஆர்க்காடு பகுதிகளைப் பற்றிய அவருடைய அறிக்கை 1873-இல் வெளிவந்தது. அந்தக் களப்பணிக்காக அலைந்தபோதுதான், 1863 செப்டம்பரில், வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகளைக் கண்டார். அதே ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் அவர் எடுத்த கல்லே இந்தியப் பழங்கற்கால ஆய்வின் தொடக்கம். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் பின்னாளில் அத்திரம்பாக்கத்தில் தோண்டி, அங்குள்ள ஆதிக் கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் காட்டினார்கள். கல்லை வரைய வந்தவர் கண்ணில் மனிதன் பட்டதற்குக் காரணம், அந்த வேலை ஓடைக்கரை ஓடைக்கரையாக நடந்து செய்யவேண்டிய வேலை என்பதே. செயற்கைக்கோள் படத்தில் கைக்கோடரி தெரியாது.

மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைக் கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் கடலுக்குக் கொண்டுபோகின்றன. வடக்கே காளங்கி ஆறு. கொசஸ்தலை எண்ணூரில் கடலைத் தொடுகிறது, மற்ற இரண்டும் பழவேற்காடு ஏரியில் கலக்கின்றன. பழைய பாலாறு ஒருகாலத்தில் கொசஸ்தலையின் வழியாகவே கடலுக்குப் போனது என்பது புவியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. சமவெளியின் அடியில் புதைந்திருக்கும் அகன்ற மணற்படுகைகள் அதற்குச் சாட்சி. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்கள் சென்னைக்குத் தண்ணீர் கொடுத்ததும், அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூரில் கடல்நீர் உள்ளே வந்ததும் இந்த மணலால்தான்.

லாம்டனின் முதல் வில்

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை விரித்தார். தெற்கே பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து முடிக்க மே மாதம் வரை ஆயிற்று. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் பெட்டிகளில் வைத்து, கூடார நிழலில், வெப்பமானி பார்த்துப் பார்த்து அளந்தார்கள். பின்னாளில் இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவையின் முதல் அடி இது. ஊர்க்கதையாக இதுவரை பலரும் அறிவார்கள். வடக்கே நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்த அடிக்கோட்டிலிருந்து லாம்டன் முக்கோணங்களைக் கடற்கரை ஓரமாகத் தெற்கும் வடக்கும் விரித்தார். அவற்றைக் கொண்டு அவர் கணித்த முதல் தீர்க்கரேகை வில்லுக்கு, அதாவது தீர்க்கரேகை ஒன்றின்மேல் தெற்கு வடக்காக அளந்த வளைவு நீளத்துக்கு, தென்முனை கடலூர் அருகே திருவந்திபுரம். வடமுனை ஆங்கிலப் பதிவுகளில் ‘பௌட்ரி’ என்று எழுதப்பட்ட நிலையம். அதன் அட்சரேகை 13 பாகை 19 கலை 49 விகலை. இன்றைய ஊத்துக்கோட்டையின் அட்சரேகை ஏறத்தாழ அதுவே. இரண்டு முனைக்கும் இடையே ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல். பூமி எவ்வளவு தட்டையான உருண்டை என்று 1841-இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் கணக்கிட்டபோது உலகெங்குமிருந்து எடுத்துக்கொண்ட பத்து வில்களில் இதுவும் ஒன்று. பெரு, பிரான்சு, ரஷ்யா, லாப்லாந்து வில்களோடு ஒரே பட்டியலில் நம் வடமுனையும் இருந்தது. பூமியின் வடிவைச் சொல்ல உதவிய ஊர்ப்பக்கத்துக்குத் தன் மழைநீர் எங்கே தேங்கும் என்று சொல்லும் வரைபடம் கிடைக்க இன்னும் இரு நூற்றாண்டு ஆகவிருந்தது.

லாம்டனுக்கு முன்பே சென்னையில் இதற்கு அடித்தளம் இருந்தது. மைக்கேல் டாப்பிங் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர். அவர் பொறுப்பில் இருந்த சென்னை வானியல் நோக்ககத்தின் தீர்க்கரேகைதான் பழைய இந்திய வரைபடங்களுக்குத் தொடக்கப் புள்ளியாக இருந்தது. அதன் பழைய மதிப்பு 80 பாகை 17 கலை 21 விகலை. தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட முடிந்த பிறகு அது 80 பாகை 14 கலை 54 விகலை என்று திருந்தியது. 2 கலை 27 விகலை வித்தியாசம் என்றால் சென்னை அருகே தரையில் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர். பழைய இந்திய அட்லஸ் தாள்களைக் கையில் எடுப்பவர் இதைக் கழித்துக்கொண்டே படிக்கவேண்டும். மறந்தால் ஊரே நகர்ந்துவிடும்.

எண்பதாவது பாகை

இந்திய நில அளவைத் துறை நாட்டை நான்கு பாகைக்கு நான்கு பாகை கட்டங்களாக வெட்டி எண் கொடுத்திருக்கிறது. 57-ஆம் கட்டம் கிழக்கே 80 பாகையில் முடிகிறது. 66-ஆம் கட்டம் அங்கிருந்து தொடங்குகிறது. அந்த 80 பாகைக் கோடு திருவள்ளூருக்கும் திருநின்றவூருக்கும் நடுவே நுழைந்து, வடக்கே போய், சத்தியவேட்டுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே வெளியேறுகிறது. ஆகவே திருவள்ளூர், பூண்டி, கூடியம் எல்லாம் 57 ஓ/16 தாளில். சத்தியவேடு 57 ஓ/15. உப்பலமடுகு 57 ஓ/14. கும்மிடிப்பூண்டியோ 66 சி/3, பழவேற்காடு 66 சி/7, தடா 66 சி/2. மலையில் பிறந்த ஓர் ஓடையை ஏரி வரை விரலால் தொடர்ந்து போகவேண்டுமானால் குறைந்தது மூன்று, நான்கு தாள்களை மேசையில் பரப்பி ஓரம் ஒட்டவேண்டும். வெவ்வேறு ஆண்டில் அளந்து வெவ்வேறு ஆண்டில் அச்சிட்ட தாள்கள் ஓரத்தில் சரியாகப் பொருந்துவதும் அரிது. ஒன்றில் தண்ணீர் நிற்கும் ஏரி மற்றதில் வறண்டிருக்கும், ஒன்றில் வண்டிப்பாதையாக முடிந்தது மற்றதில் தார்ச்சாலையாகத் தொடங்கும்.

வழக்கமான தாளின் அளவு 1:50,000. தாளில் 2 சென்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். துறைக்குள்ளும் கல்லூரிகளிலும் இதை டோப்போ ஷீட் என்றே சொல்வார்கள். உயரத்தைக் காட்டும் சம உயரக்கோடுகள் பழுப்பு நிறம், காடு பச்சை, உழவு நிலம் மஞ்சள், தண்ணீர் நீலம். வறண்ட ஓடைக்குக் கறுப்பு. காட்டுக்குள் ‘திறந்த புதர்’, ‘ஓரளவு அடர்ந்த கலப்புக் காடு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கும். அந்த ‘ஓரளவு’ என்ற சொல்லுக்கு அளவுகோல் எதுவும் இல்லை. காட்டை நடந்து பார்த்த அளவரின் சோர்வும் அதில் கலந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடுக்கில் கோடு

மலைப்பகுதியில் சம உயரக்கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் இடைவெளி. ஓடையைக் கடக்கும்போது கோடு மேல்நீரோட்டம் நோக்கி மூக்கை நீட்டும். அந்த மூக்கு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு குறுகல் இடுக்கு. செங்குத்துச் சுவரில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே தடித்த கோடாகிவிடும், அதற்குப் பதிலாகப் பாறைக் குறி போடுவார்கள். இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு: 15 மீட்டர் அருவி இரண்டு கோட்டுக்கு நடுவே முழுதாக ஒளிந்துகொள்ள முடியும். தாளில் சாதுவான சரிவாகத் தெரியும் இடத்தில் தரையில் தாண்டமுடியாத பாறை நிற்கும், அடியில் ஆழம் தெரியாத மடு இருக்கும். நாகலாபுரத்துக்கு மலையேறப் போகும் சென்னை இளைஞர்களுக்கு ஓடையேதான் பாதை. அந்த மடுக்களில் நீச்சல் தெரியாதவர்கள் மூழ்கிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன.

பழைய தாள்கள் பிளேன் டேபிள் கொண்டு வரையப்பட்டவை. முக்காலிமேல் பலகை, அதில் தாள், பார்வைச் சட்டம். தெரிந்த இரண்டு மூன்று குன்றுகளை நோக்கிக் கோடிழுத்துத் தான் நிற்கும் இடத்தைப் பிடித்து, சுற்றுப்புறத்தைக் கண்ணால் பார்த்தபடியே வரையவேண்டும். உச்சியில் நிற்பவருக்கு இடுக்கின் அடி தெரியாது, அடியில் நிற்பவருக்குக் குன்று எதுவும் தெரியாது. ஆகவே இடுக்கின் உட்புறம் பாதி அளவை, பாதி ஊகம். விமானப் புகைப்பட இணைகளை வைத்து உயரம் எடுக்கும் முறை வந்தபின் நிலைமை சற்று மேம்பட்டது, ஆனால் நிழல் விழுந்த சுவரில் அதுவும் தடுமாறும்.

2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் 11 நாள் ரேடார் வீசி உலகின் பெரும்பகுதியை அளந்தது. அந்தத் தரவு இன்று 30 மீட்டர் கட்டங்களாக யாருக்கும் கிடைக்கும். 15 மீட்டர் அகல இடுக்கு அத்தகைய ஒரு கட்டத்தில் பாதியைத்தான் நிரப்பும். சுவரின் உயரமும் அடியின் தாழ்வும் சராசரியாகி, இடுக்கு ஆழமில்லாத குழியாகிவிடும். கைபேசியின் ஜி.பி.எஸ்.சும் அங்கே நம்பகமல்ல. வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடத்தில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வந்து, ஆளை எதிர்க்கரைக் குன்றின்மேல் ஏற்றிக் காட்டும்.

இந்தியாவின் சொந்த முயற்சி கார்ட்டோசாட்-1. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுதளத்திலிருந்து, அத்தளத்தின் முதல் பயணமாக, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கிளம்பியது. முன்னே 26 பாகை சாய்ந்த ஒரு கேமரா, பின்னே 5 பாகை சாய்ந்த இன்னொன்று. ஒரே நிலத்தை இரண்டு கோணத்தில் 2.5 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுத்து, அந்த வித்தியாசத்திலிருந்து உயரம் கணக்கிடப்பட்டது. அதில் பிறந்த உயர மாதிரியை இஸ்ரோவின் புவன் தளம் வழங்குகிறது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்தீவிலிருந்து எழும்பிய செயற்கைக்கோள், அந்தத் தீவையும் அதன் எதிர்ப்புற மலையையும் அளந்தது. காகிதத்தில் சேராதவை அதன் கண்ணில் சேர்ந்தன.

தட்டை நிலம்

மலை இடுக்கை வரைவது கடினம் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் உண்மையிலேயே வரையக் கடினமானது கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர்ச் சமவெளிதான். சமவெளித் தாள்களில் சம உயரக்கோடு 10 மீட்டருக்கு ஒன்று. கடற்கரையிலிருந்து உள்ளே வரும் பல மைல் நிலம் முழுவதும் 10 மீட்டருக்குக் கீழேதான் கிடக்கிறது. ஆகவே அந்த வட்டாரத்தில் கோடே இல்லை. வெற்று மஞ்சள், நடுவில் நீலத் திட்டுகள். ஆனால் அங்கே வெள்ளத்தைத் தீர்மானிப்பது இரண்டு மீட்டர் ஏரிக்கரை, ஒரு மீட்டர் சாலை மேடு, அரை மீட்டர் கலங்கல். ஏரிக்கரையின் பக்கத்தில் ‘3ஆர்’ என்பதுபோல ஒரு சின்னக் குறி இருந்தால் கரை தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் என்று பொருள். தாளிலேயே மிக முக்கியமான எண் அதுதான். பெரும்பாலோர் கண்ணில் படாத எண்ணும் அதுதான்.

செயற்கைக்கோளை இங்கே கொண்டுவந்தால் வேறு கோளாறு. ரேடார் உயரத்தில் பல மீட்டர் பிழை இயல்பு, தரையின் மொத்த ஏற்ற இறக்கமே அவ்வளவுதான். மேலும் அது மரத்தின் தலையைத் தரை என்று நினைத்துக்கொள்ளும். கடலோரச் சவுக்குத் தோப்பு ஒரு குன்றாகிவிடும், சீமைக் கருவேலம் மண்டிய ஏரி உள்வாய் மேடாகிவிடும், தொழிற்சாலைக் கூரை பீடபூமி. அந்த மாதிரியின்மேல் கணினியில் தண்ணீரை ஓடவிட்டால் மேற்கே பாயும் ஓடையும் கிடைக்கும். 2015 டிசம்பரில் பூண்டியிலிருந்து திறந்த நீர் கொசஸ்தலை வழியே வடசென்னையின் புறநகர்களில் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தேவைப்பட்டது இந்த ஒரு மீட்டர், அரை மீட்டர் விவரம். விமானத்திலிருந்து லேசர் வீசி அளந்தால் அது கிடைக்கும். செலவும் அதற்கேற்றபடி.

உயரத்தை எதிலிருந்து எண்ணுவது என்பதும் சாதாரணக் கேள்வியல்ல. இந்தியாவின் சராசரிக் கடல்மட்டம் ஒன்பது துறைமுகங்களின் அலையேற்ற அளவைகளைக் கொண்டு 1909-இல் நிலைநிறுத்தப்பட்டது. சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் அடக்கம். மாபெரும் முக்கோண அளவையின் ஆங்கிலச் சுருக்கமான ‘ஜி.டி.எஸ்.’ என்று பொறித்த மட்டக்கற்கள் பழைய அலுவலகப் படிகளிலும் பாலச் சுவர்களிலும் இருக்கும். செயற்கைக்கோள் தரும் உயரமோ கணித நீள்கோளத்திலிருந்து எண்ணுவது. இரண்டையும் அப்படியே கலந்தால் கடலே கீழே போய்விடும். கிடைமட்டத்திலும் அதே கதை. எவரெஸ்ட் நீள்கோளத்தில் வரைந்த பழைய தாளின்மேல் ஜி.பி.எஸ். புள்ளியை நேராக வைத்தால் இந்தப் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். காப்புக்காட்டின் எல்லைக்கல்லுக்கு அது உட்புறமா வெளிப்புறமா என்பதை மாற்றிவிட அந்தத் தூரம் போதும்.

பழவேற்காடு ஏரிக்கு வரும்போது கரை எது என்பதே தெளிவில்லை. அலையேற்றத்தையும் பருவத்தையும் பொறுத்து அதன் பரப்பு 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் வரை மாறும் என்பார்கள். சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் ஏரி ஒரு வடிவம், திறந்தால் இன்னொரு வடிவம். படகு போகும் கால்வாய்களையும் வலை இடும் பாடுகளையும் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக மனத்தில் வைத்திருக்கிறார்கள். அச்சிட்ட தாளில் அவற்றுக்கு இடமில்லை, ஒரே நீலம்தான்.

சங்கிலி அளந்த நிலம்

டோப்போ ஷீட்டுக்கு அடியில் இன்னொரு வரைபட உலகம் இருக்கிறது: வருவாய்த் துறையின் கிராம வரைபடமும் புல அளவைப் புத்தகமும். நிலம் வாங்கி விற்பவர்கள் எஃப்.எம்.பி. என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம், முக்கோணங்களாகப் பிரித்த கோடுகள், சங்கிலிக் கண்ணிக் கணக்கில் நீளங்கள். மூன்று கிராமம் கூடும் இடத்தில் நட்டது முக்கூட்டுக்கல். 19-ஆம் நூற்றாண்டில் வரி நிர்ணயத்துக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு நீள அகலத்தில் வெகு துல்லியம். ஆனால் உயரம் என்ற சொல்லே அதில் இல்லை. ஓர் ஏரிப் புறம்போக்கின் பரப்பு செண்ட் வரை தெரியும், அதன் கலங்கல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது தெரியாது. உயரம் தெரிந்த தாளில் சர்வே எண் இல்லை, சர்வே எண் உள்ள தாளில் உயரம் இல்லை. தொழிற்சாலைக்கு இடம் ஒதுக்கும் கோப்பு இரண்டாவதைப் பார்க்கும், மழை முதலாவதைப் பார்க்கும்.

தேர்வாய் கண்டிகை இதற்கு நல்ல உதாரணம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், 80 பாகைக் கோட்டுக்கு அருகே உள்ள ஊர். அங்கே 1,100 ஏக்கருக்கு மேல் நிலம் சிப்காட்டுக்கு எடுக்கப்பட்டு, பிரெஞ்சு டயர் நிறுவனம் மிஷெலின் ஆலை அமைத்தது. பதிவேட்டில் அது மேய்க்கால். ஊரார் கண்ணில் மாடு மேயும், விறகும் மூலிகையும் கிடைக்கும், மழைநீரைச் சேர்த்துச் சுற்றுவட்டார ஏரிகளுக்கு அனுப்பும் காடு. எதிர்த்துப் போராடியவர்கள் முன்வைத்த வாதம் அடிப்படையில் ஒரு நிலத்தோற்ற வாதம்: இந்த மேடு இல்லையென்றால் அந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர் இல்லை. மேய்க்கால் புறம்போக்கு என்ற ஒற்றைச் சொல்லால் நிறம் தீட்டிய வரைபடத்தில் அந்த வாதத்துக்குக் கோடு கிடையாது. பின்னர் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துச் சென்னைக் குடிநீருக்காக 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் கட்டி, 2020 நவம்பரில் திறந்தார்கள். கிருஷ்ணா நீர்க் கால்வாயிலிருந்து அதற்கு நீர் வருகிறது. மழைநீர் வாங்கும் மேட்டை ஆலைக்குக் கொடுத்த வட்டாரத்திலேயே ஆற்றுநீர் வாங்கும் தேக்கம் எழுந்தது.

எல்லைகள்

இங்குள்ள மலை பெரும்பாலும் ஆந்திரத்திலும் சமவெளி பெரும்பாலும் தமிழ்நாட்டிலும் இருப்பது இயற்கையாக நேர்ந்ததல்ல. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின் எல்லைத் தகராறை விசாரித்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு அப்படிப் போனதே. கிராமத்தை அலகாக வைத்து, மொழியையும் தொடர்ச்சியையும் பார்த்து வகுத்த எல்லை அது. நீர்ப்பிடிப்பை யாரும் அலகாகக் கொள்ளவில்லை. ஆரணி ஆற்றின் பிச்சாட்டூர் அணை இன்று ஆந்திரத்தில் திறந்தால் வெள்ள எச்சரிக்கை ஊத்துக்கோட்டையில் ஒலிக்கிறது.

காட்டின் எல்லை இன்னும் விசித்திரம். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி காப்புக்காடாக அறிவிக்கும்போது எல்லை சொற்களால் எழுதப்பட்டது: வடக்கே இந்த ஓடை, கிழக்கே அந்தக் கற்குவியல், அங்கிருந்து இன்ன சர்வே எண்ணின் மூலை. வரைபடம் அதற்குப் பின்னிணைப்புதான். ஓடை நகர்ந்தால், குவியல் சரிந்தால், எல்லை மறுபடி தேடப்படவேண்டும். பழவேற்காடு பறவைகள் சரணாலயம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் 1980-இல் 153.67 சதுர கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது. வருவாய்க் கிராமங்களின் பட்டா நிலங்களும் அதன் கோட்டுக்குள் சிக்கியிருப்பதால் அந்தத் தகராறு இன்னும் ஓயவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தின் கடலோர மண்டல வரைபடம் பற்றி 2017-இல் எழுந்த சர்ச்சையில் கேள்வியே எந்த ஆண்டு வரைபடம் செல்லும் என்பதுதான். 1996 வரைபடத்தில் கழிமுகம் இருந்தது, பிந்தைய வரைபடத்தில் காணவில்லை என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் குற்றம் சாட்டினார்கள்.

பூட்டும் திறப்பும்

கடற்கரையிலிருந்தும் நாட்டெல்லையிலிருந்தும் 80 கிலோமீட்டருக்குள் வரும் டோப்போ ஷீட்டுகள் நெடுங்காலம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. கடலிலிருந்து நாகலாபுரம் இடுக்குகளே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் என்பதால், இக்கட்டுரை பேசும் நிலம் முழுவதும் அந்தத் தடைக்குள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புறத்தே சான்டா மோனிகா மலை இடுக்குகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே வாழும் அமெரிக்கர் 1:24,000 அளவில் தன் தெரு, தன் ஓடை, தன் சரிவு எல்லாம் காட்டும் தாளைக் கடையில் வாங்கலாம். திருவள்ளூர்க்காரர் தன் ஊர்த் தாளைப் பார்க்க ஆராய்ச்சி மாணவராகவோ அதிகாரியாகவோ இருக்கவேண்டியிருந்தது. மலையேறிகள் இணையத்தில் கிடைத்த 1950-களின் அமெரிக்க ராணுவ வரைபடங்களை, அதுவும் 1:2,50,000 அளவில், அச்சிட்டு எடுத்துக்கொண்டு நாகலாபுரம் போனார்கள்.

2005 மே மாதத்தின் தேசிய வரைபடக் கொள்கை தாள்களை இரண்டாகப் பிரித்தது: பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, மக்களுக்குத் திறந்த வரிசை. 2017 முதல் திறந்த வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி பிறந்தது. 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே அளந்து வரையலாம் என்றன. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தின் ஏராளமான கிராமங்கள் நகரத் திட்டமிடலுக்குள் வந்தன. ஏரிக்கரையோர மனைகளுக்கு இனி முழுமைத் திட்டம் போடுகிறவர்கள் கையில் இருக்கவேண்டிய முதல் காகிதம் எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திறந்த வரிசையில் தாள்களின் எண்முறை சர்வதேச முறைக்கு மாறியது. மலை, சமவெளி, ஏரி மூன்றும் இப்போது ‘டி44’ என்ற ஒரே பெரிய கட்டத்துக்குள் வருகின்றன. 57-க்கும் 66-க்கும் இருந்த பிரிவு எண்ணில் மறைந்துவிட்டது. ஆனால் தாளுக்குத் தாள் கால் பாகை என்ற அளவு மாறவில்லை. 80 பாகையில் ஓரம் இன்னும் விழுகிறது. சத்தியவேட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் சாலையைப் பார்க்க இரண்டு கோப்புகளை இறக்கவேண்டும்.